சூளைக்குள் எவ்வளவு காற்று?

மதுராந்தகத்தை அடுத்த சானூரில் இந்தியத் தொல்லியல் துறையின் என். ஆர். பானர்ஜியும் கே. வி. சௌந்தரராஜனும் 1950இலும் 1952இலும் பெருங்கற்படைக் கால ஈமக்குழிகளை அகழ்ந்தார்கள். கல்வட்டங்களுக்கு அடியில் இரும்புக் கருவிகளும், கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளும், கருப்பு-சிவப்பு மட்கலங்களும் கிடைத்தன. அந்த மட்கலங்களின் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்தால் உடம்பு சிவப்பாகவும், உட்புறமும் வாய் விளிம்பும் நல்ல கருப்பாகவும் இருக்கும். இரண்டு வண்ணங்களுக்கும் நடுவே எவரும் தூரிகையால் கோடு இழுக்கவில்லை. ஒரே மண், ஒரே சூளை, ஒரே சுடுதல். ஓர் இடத்தில் காற்று பட்டது, இன்னோர் இடத்தில் படவில்லை, அவ்வளவுதான்.

செங்கல்பட்டு வட்டாரத்துக்கு இது புதிய செய்தி அல்ல. பெரும்பேர், குன்னத்தூர், சிறுதாவூர் என்று இந்தப் பகுதியின் ஈமக்காடுகள் பலவும் இதே வகை ஓடுகளைத் தந்திருக்கின்றன. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் தோண்டிய மார்ட்டிமர் வீலர் முதற்கொண்டு பலரும் இந்த இரு நிறத்துக்குக் காரணம் தேடியிருக்கிறார்கள். பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது: கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளே இலைதழை திணித்துச் சுட்டால், உட்புறமும் மண்ணில் புதைந்த விளிம்பும் ஆக்சிஜன் கிடைக்காமல் கரி பிடித்துக் கருக்கும், வெளிப்புறம் காற்றில் சிவக்கும். முதலில் ஒருமுறை சிவக்கச் சுட்டு, பிறகு புகையூட்டி மறுபடி சுட்டிருக்கலாம் என்போரும் உண்டு. எந்த வழியானாலும் வேதியியல் ஒன்றே. களிமண்ணில் இருக்கும் இரும்பு, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் சிவப்பு நிற ஃபெரிக் ஆக்சைடாகிறது. கிடைக்காவிட்டால் கருமையான ஃபெரஸ் நிலைக்கு இறங்குகிறது. கூடவே எரியாத கரி, மண்ணின் நுண்துளைகளில் தங்கிவிடுகிறது.

நிறத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய ஆய்வாளர்கள் வலிமையைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது ஒரு குறைதான். ஏனென்றால் ஃபெரஸ் நிலையில் உள்ள இரும்பு வெறும் சாயம் அல்ல. சிலிக்காவோடு சேர்ந்து அதைத் தாழ்ந்த வெப்பத்திலேயே இளகவைக்கும் இளக்கியும் அது. காற்று அடைத்த சூளையில், திறந்த சூளையைவிடச் சுமார் 50 டிகிரி குறைந்த வெப்பத்திலேயே களிமண் துகள்களின் ஓரம் கண்ணாடியாகி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகிறது. விறகும் வரட்டியும் எரித்து 800 டிகிரியைத் தொடுவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் இந்த 50 டிகிரி சாதாரண லாபம் இல்லை.

ஆனால் அடைப்பதிலும் ஆபத்து உண்டு. மண்ணில் இயல்பாகவே வேர், சாணம், உமி என்று கரிமப்பொருள் கலந்திருக்கும். மேற்பரப்பு கண்ணாடியாகி மூடிக்கொள்வதற்கு முன் அது எரிந்து வெளியேற வேண்டும். முந்திக்கொண்டு மூடிவிட்டால் உள்ளே சிக்கிய வாயு ஓட்டை உப்பவைத்துக் கொப்புளமாக்கும். எரிந்து போனாலும் அந்த இடம் காலித் துளையாகும். துளை அதிகமானால் பாண்டம் பலம் குறையும். அதே துளைகள் அடுப்பில் ஏறி இறங்கும் சமையல் பானைக்கு ஒரு வகையில் நல்லது: ஓடிவரும் விரிசல் துளையில் முட்டி நின்றுபோகும். அடுப்புப் பானைக்குச் சொரசொரப்பான மண்ணும் உண்கலத்துக்கு வழவழப்பான மண்ணும் எடுத்த குயவருக்கு இது தெரிந்தே இருந்தது.

தடித்த பொருள்களில்தான் இதன் சிக்கல் முழுவதும் வெளிப்படும். கிண்ணத்தின் சுவர் மெல்லியது. ஆக்சிஜன் விரைவில் ஊடுருவிவிடும். ஆள் படுக்கும் அளவுள்ள ஈமப்பேழையின் சுவரிலோ தாழியின் அடியிலோ அது ஊர்ந்துதான் போகும். அத்தகைய ஓடு ஒன்று உடைந்தால் வெட்டுமுகத்தில் இருபுறமும் சிவப்பு, நடுவில் ஒரு கருப்புப் பட்டை தெரியும். சூளையை எவ்வளவு நேரம் எவ்வளவு காற்றோடு வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டையின் தடிமனே சாட்சி. இன்றும் செங்கல்பட்டு மாவட்டத்துச் சூளையில் இருந்து வந்திறங்கிய செங்கல் ஒன்றைக் கொத்துக் கரண்டியால் இரண்டாக உடைத்தால், அவசரமாகச் சுட்ட கல்லின் நடுவில் அதே கருப்பைப் பார்க்கலாம்.

பாலாறு கடலில் கலக்கும் இடத்தில், வயலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது வசவசமுத்திரம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970ஐ ஒட்டி இங்கே அகழ்ந்தபோது ரௌலட்டட் ஓடுகள், கூம்பு வடிவச் சாடிகள், ஆம்போரா துண்டுகள், இரண்டு உறைகிணறுகள் ஆகியவை வெளிவந்தன. இரா. நாகசாமியும் அப்துல் மஜீதும் எழுதிய அறிக்கை 1978இல் வெளியானது. ரௌலட்டட் கலத்தின் வழவழப்பும் சாம்பல்-கருப்பு மினுக்கமும் கவனத்துக்குரியவை. 1945இல் அரிக்கமேட்டில் இதைக் கண்ட வீலர் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்றே கருதினார். விமலா பெக்லி 1983இல் அந்தக் கணிப்பை மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார். பின்னாளைய வேதிப் பகுப்பாய்வுகள் இந்தியத் துணைக்கண்டத்தின் மண்ணையே சுட்டின. யார் செய்தாலும், மேலே பூசிய நுண்மண் குழம்பு காற்றடைத்த நிலையில் இறுகி மூடிக்கொண்டதால்தான் அந்தக் கருப்பு நிலைத்தது. பழங்கிரேக்கக் கருப்பு ஓவியக் கலங்களும் இதே தந்திரத்தால் ஆனவைதான்: முதலில் காற்று, நடுவில் அடைப்பு, கடைசியில் மறுபடி காற்று. இறுகிய பூச்சுக்குள் மட்டும் கடைசிக் காற்று நுழையாது.

உறைகிணற்றின் கதை வேறு. அதற்கு மினுக்கம் தேவையில்லை. மணலின் பக்கவாட்டு அழுத்தத்தையும் உப்புநீரையும் பல ஆண்டுகள் தாங்கினால் போதும். ஆண்டுகள் என்ன, நூற்றாண்டுகளாகவே தாங்கின. சாளுவன்குப்பத்திலும் இப்படித்தான். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அங்கே வெளிப்பட்ட முருகன் கோயிலின் கருங்கல் கட்டுமானத்துக்கு அடியில், இன்னும் பழைய செங்கல் கோயில் ஒன்றின் கட்டுமானம் மணலுக்குள் தங்கியிருந்தது. நன்றாக ஆக்சிஜன் ஏறி முடிந்த சுடுமண்ணுக்கு, அதற்குப் பிறகு ஆக்சிஜனால் தொல்லை இல்லை. எரிய வேண்டியது எல்லாம் சூளையிலேயே எரிந்துவிட்டது.

தொல்லை தொடங்கியது, இன்னும் எரியக்கூடிய செராமிக்கை மனிதர்கள் செய்யக் கற்றபோது.

அமெரிக்காவின் எட்வர்ட் ஆச்சசன் 1891இல் களிமண்ணையும் கரியையும் மின்சார உலையில் சூடாக்கி, எதிர்பாராமல் சிலிக்கன் கார்பைடைப் பெற்றார். ‘கார்போரண்டம்’ என்று அவர் பெயரிட்ட அந்தக் கருநீலப் படிகம் முதலில் சாணைக்கல்லாகவே உலகெங்கும் பரவியது. சென்னையில் முருகப்பா குழுமம், அமெரிக்க-பிரித்தானிய நிறுவனங்களோடு கூட்டாகக் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கிய ஆண்டு 1954. சிலிக்கன் கார்பைடில் ஆக்சிஜன் கிடையாது. அதனாலேயே சூட்டில் காற்றைக் கண்டால் ஆபத்து அதற்குத்தான்.

அந்த ஆபத்தை அளக்க இரண்டு அடிப்படைகள் 1920களில் கிடைத்தன. நொறுங்கும் பொருளின் வலிமையை முடிவு செய்வது அதன் சராசரித் தரம் அல்ல, அதிலுள்ள மிகப்பெரிய விரிசலே என்று 1921இல் ஏ. ஏ. கிரிஃபித் காட்டினார். 1923இல் பில்லிங், பெட்வொர்த் இருவரும், ஆக்சைடு தான் உண்டான பொருளைவிட எத்தனை மடங்கு இடம் அடைக்கிறது என்ற விகிதத்தை வைத்து, அந்தப் படலம் காக்குமா உரியுமா என்று கணிக்க முயன்றார்கள். அவர்கள் பார்த்தது உலோகங்களை. செராமிக்குக்கு அந்த விகிதத்தை அப்படியே பொருத்தினால் விநோதமான விடைகள் வருகின்றன. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

சிலிக்கன் கார்பைடு காற்றில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடானால், கரி கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. சிலிக்கன் சிலிக்காவாகி மேலே படிகிறது. அந்தச் சிலிக்கா, அழிந்த கார்பைடைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். இவ்வளவு வீங்கினால் படலம் வெடித்துச் சிதறியிருக்க வேண்டும். சிதறுவதில்லை. காரணம், அது கண்ணாடி. அந்தச் சூட்டில் மெல்ல வழிந்து தன் அழுத்தத்தைத் தானே தணித்துக்கொள்கிறது. வழிகிற கண்ணாடி மேற்பரப்பின் நுண்விரிசல்களுக்குள்ளும் இறங்கி அவற்றை அடைக்கிறது. கிரிஃபித் சொன்ன பெரிய விரிசல் மூடப்பட்டால் வலிமை கூடத்தானே வேண்டும்? கூடுகிறது. சிலிக்கன் கார்பைடின் விரிசல்களை ஆக்சிஜனேற்றத்தால் ஆற்றலாம் என்று எஃப். எஃப். லாங் 1970இல் எழுதினார். பின்னர் யோகோஹாமாவில் கோட்டோஜி ஆண்டோவின் குழு, விரிசல் விட்டால் தானே ஆற்றிக்கொள்ளும் சிலிக்கன் நைட்ரைடு-கார்பைடு கலவைகளை இந்த வழியிலேயே உருவாக்கியது.

ஆனால் இந்த நன்மைக்கு எல்லை உண்டு. எல்லா எல்லைகளும் சுற்றியுள்ள வாயுவைப் பொறுத்தவை. ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தால் சிலிக்கா படியாது. சிலிக்கன் மோனாக்சைடு என்ற வாயுவாகப் பறந்துவிடும். பொருள் அரிக்கப்பட்டு மேற்பரப்பு குழிகுழியாகும். படலம் கட்டும் நிலைக்கும் பறந்துபோகும் நிலைக்கும் இடையிலான எல்லையைச் சிலிக்கனுக்குக் கணக்கிட்டுக் காட்டியவர் கார்ல் வாக்னர், ஆண்டு 1958. அரைகுறைக் காற்று, முழுக் காற்றைவிடக் கெடுதல் செய்யும் என்பதை ஏற்றுக்கொள்ள மனம் தயங்கினாலும் சமன்பாடு அதைத்தான் சொல்கிறது. நீராவி இன்னொரு எதிரி. எரிவாயுச் சுழலியில் எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி, சிலிக்காவோடு சேர்ந்து சிலிக்கன் ஹைட்ராக்சைடு ஆவியாகி அடித்துக்கொண்டு போகும். அமெரிக்காவின் நாசா ஆய்வகம் 1990களில் இதைத் தெளிவாக்கிய பிறகுதான் இப்பொருள்களுக்கு மேற்பூச்சு கட்டாயமாயிற்று. 2016இல் பயணிகள் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினுக்குள் சிலிக்கன் கார்பைடு இழைக் கலவை இருப்பது அந்தப் பாடத்தைக் கற்ற பிறகே.

சிலிக்கன் நைட்ரைடு கற்பித்தது வேறொன்று. அமெரிக்காவில் 1971இல் ஃபோர்டு, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனங்களோடு தொடங்கிய செராமிக் சுழலித் திட்டத்தின் செல்லப்பிள்ளை அது. அதைக் கெட்டியாகச் சுட மக்னீசியா சேர்த்தார்கள். படிகங்களுக்கு இடையே கண்ணாடியாகத் தங்கிய அந்த மக்னீசியா, 1200 டிகிரியை ஒட்டி இளகியது. போதாததற்கு, மேலே வளரும் சிலிக்கா படலம் உள்ளிருந்த மக்னீசியத்தையும் கால்சிய மாசையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. படலத்தின் உருகுநிலை குறைந்தது, அடியில் பள்ளங்கள் விழுந்தன, வலிமை சரிந்தது. சானூர்க் குயவருக்கு இளக்கி செய்த உதவி, இங்கே உபத்திரவமாகிவிட்டது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1971இல் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 1985 முதல் அதன் பெயர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையில் தொடர்வினையை எட்டியது. வசவசமுத்திரத்தின் அகழ்வுக்குழிகளுக்கும் இந்த உலைகளுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. அணுமின் உலையின் எரிபொருளும் சுட்ட செராமிக்கே: யுரேனியம் டை ஆக்சைடு வில்லை. ஐதராபாத்தின் அணு எரிபொருள் வளாகம் இதைச் சுமார் 1700 டிகிரியில் ஹைட்ரஜன் கலந்த, ஆக்சிஜன் புகாத உலையில் சுடுகிறது. பெயரில் ஆக்சைடு என்று இருந்தாலும் சுடும்போது கூடுதல் ஆக்சிஜன் ஒட்டக் கூடாது. கொஞ்சம் மிகுந்தாலும் வில்லை வெப்பத்தைக் கடத்தும் திறன் குறையும். அதிக வெப்பத்தில் அழுத்தம் பட்டால் மெழுகுபோல் மெல்ல நெகிழும் வேகம் பல மடங்கு கூடும்.

இதே வில்லையைக் காற்றில் 300, 400 டிகிரியில் வைத்தால் நடப்பதைச் சிலிக்கன் கார்பைடோடு ஒப்பிட வேண்டும். ஆக்சிஜன், படிகங்களின் எல்லைகள் வழியே உள்ளே நுழைகிறது. முதற்கட்டத்தில் கொள்ளளவு அதிகம் மாறுவதில்லை. பிறகு U₃O₈ உண்டாகும்போது 36 விழுக்காடு வீக்கம். இங்கே கண்ணாடி இல்லை, வழிதல் இல்லை. புதிய படிகங்கள் பழையவற்றை நெம்பிப் பிளக்கின்றன. கருப்பு வில்லை கொஞ்சங்கொஞ்சமாகத் தூளாகக் கொட்டிவிடுகிறது. இரு மடங்கு வீங்கிய சிலிக்கா காப்பாற்றுகிறது. மூன்றில் ஒரு பங்கு வீங்கிய யுரேனியம் ஆக்சைடு அழிக்கிறது. எனவே எவ்வளவு வீங்குகிறது என்ற கேள்வி மட்டும் போதாது; வீங்குவது அந்தச் சூட்டில் வழியுமா, விறைத்து நிற்குமா என்பதையும் கேட்டாக வேண்டும். தொழிற்சாலைக்காரர்கள் இந்த அழிவையும் வீணாக்கவில்லை. தரம் குறைந்த வில்லைகளை அரைக்கும் ஆலைக்கு அனுப்பாமல் காற்றில் சூடாக்கித் தூளாக்கி, ஹைட்ரஜனில் மறுபடி டை ஆக்சைடாக மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

கல்பாக்கத்தின் தனி அடையாளம் அணுமின் நிலையம் அல்ல, வேக ஈனுலை. பிரான்சின் ராப்சோடி உலையை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த வேக ஈனுலைச் சோதனை உலை, 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினையை எட்டியது. ராப்சோடியின் எரிபொருள், செறிவூட்டிய யுரேனியம் கலந்த ஆக்சைடு. 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு இந்தியாவுக்கு அந்தச் செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கவில்லை. புளூட்டோனியப் பங்கை உயர்த்தி ஈடுகட்டலாம் என்றால், அத்தகைய ஆக்சைடு குளிர்விக்கும் சோடியத்தோடு ஒத்துப்போகாது. ஆகவே 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடும் 30 விழுக்காடு யுரேனியம் கார்பைடும் கொண்ட கலவையை டிராம்பேயில் உருவாக்கினார்கள். அப்படி ஒரு கலவை உலகில் வேறெங்கும் ஓர் உலையை இயக்கியதில்லை.

நிர்ப்பந்தத்தில் பிறந்த இந்தத் தேர்வு ஆக்சிஜனேற்றச் சிக்கலை மடியில் கட்டிக்கொண்டே வந்தது. யுரேனியம் கார்பைடு டை ஆக்சைடாக மாறும்போதே ஏறத்தாழ 34 விழுக்காடு வீங்கும். U₃O₈ வரை போனால் கொள்ளளவு 1.8 மடங்காகும். தூளாக இருக்கும்போது காற்றில் தானாகவே தீப்பற்றும். ஈரத்தோடும் வினைபுரியும். அதனால் ஆக்சைடுகளைக் கிராஃபைட்டோடு கலந்து வெற்றிட உலையில் கார்பைடாக்குவது, அரைப்பது, அழுத்துவது, சுடுவது ஆகிய எல்லா வேலைகளும், ஆக்சிஜனும் ஈரமும் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குக்கு மேல் போகாத மந்த வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிகளுக்குள்ளேயே நடந்தன. தொழிலாளியின் கை பெட்டிச் சுவரில் பொருத்திய தடித்த ரப்பர் கையுறைக்குள் இருக்கும். கண்ணாடிக்கு அப்பால் வில்லை. காற்றடைத்துச் சுடுதல் இந்தக் கரையின் சூளைகளுக்கு இவ்வளவு கடுமையாக எப்போதும் தேவைப்பட்டதில்லை. பலன் கிடைத்தது: ஒரு டன்னுக்கு 1,65,000 மெகாவாட்-நாள் எரிப்பு வரை அந்த எரிபொருள் பழுதின்றித் தாக்குப்பிடித்தது. 2022 மார்ச்சில் உலை தன் வடிவமைப்பு ஆற்றலான 40 மெகாவாட்டை எட்டியது.

அடுத்ததாக எழுந்த 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கு மறுபடி ஆக்சைடையே தேர்ந்தார்கள். யுரேனியம்-புளூட்டோனியம் கலந்த ஆக்சைடு. இங்கே கட்டுப்பாட்டின் திசை மாறுகிறது. வேக உலை எரிபொருளில் உலோக அணு ஒன்றுக்கு ஆக்சிஜன் இரண்டு என்ற விகிதத்தைச் சற்றுக் குறைத்தே வைப்பார்கள். அணுப்பிளவுக்குப் பின் கட்டிப்பிடிக்க உலோகம் இல்லாமல் திரியும் ஆக்சிஜன், எரிபொருளைச் சுற்றியுள்ள எஃகு உறையை உட்புறமிருந்து அரிக்கத் தொடங்கும் என்பதே காரணம். அதே உலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் இருப்பது போரான் கார்பைடு. 2400 டிகிரியை ஒட்டி உருகும் அந்தக் கடின செராமிக், காற்றில் 600 டிகிரி வாக்கில் ஆக்சைடாகத் தொடங்கும். உண்டாகும் போரான் ஆக்சைடு 450 டிகிரியிலேயே உருகி மேலே படர்ந்து ஓரளவு காக்கும்; ஈரம் வந்தால் போரிக் அமில ஆவியாகிக் காப்பைக் கைவிட்டு ஓடும். உலைக்குள் காற்றோ நீரோ இல்லாமல் சோடியமும் ஆர்கானும் மட்டும் இருப்பதால் அங்கே அது நிம்மதியாக இருக்கிறது.

எரித்து முடித்த கார்பைடைக் கையாளும்போது கணக்கு மறுபடி தலைகீழாகிறது. 2003இல் இயங்கத் தொடங்கிய கோரல் என்ற சிறு ஆலையில் இந்த எரிபொருள் மறுசுழற்சிக்கு வந்தது. கார்பைடை நைட்ரிக் அமிலத்தில் நேரடியாகக் கரைத்தால், அதிலுள்ள கரியின் ஒரு பகுதி ஆக்சாலிக் அமிலம் போன்ற கரிமச் சேர்மங்களாக மாறிப் புளூட்டோனியத்தைப் பற்றிக்கொள்கிறது, பிரித்தெடுப்பது சிரமமாகிறது. கரைப்பதற்கு முன் கார்பைடை ஆக்சிஜனில் சூடாக்கி ஆக்சைடுத் தூளாக்கிவிட்டால் கரி வாயுவாகப் போய்விடும் என்பது உலகெங்கும் ஆய்வாளர்கள் முன்வைக்கும் மாற்று வழி. ஆனால் அந்தத் தூள் கதிர்வீச்சு மிக்கது. தீப்பற்றக்கூடிய கார்பைடை மெதுவாக, வெப்பம் கட்டுமீறாமல் ஆக்சைடாக்குவது ஈயச் சுவர்களுக்குப் பின்னால் எளிய வேலை அல்ல. 2024 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட செயல்விளக்க மறுசுழற்சி ஆலை, சோதனை உலையின் கார்பைடு எரிபொருள், முன்மாதிரி உலையின் ஆக்சைடு எரிபொருள் ஆகிய இரண்டையும் கையாளும் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது.